ஒரு குக்கர், ஒரு வாணலி

ஏரிக்கரையில் காலை நீட்டி உட்காரத் தெரிந்த என் வசந்தி அக்காவுக்கு,

கோபமாக இருக்கிறேன். நலம் விசாரித்துத் தொடங்க உனக்கு உடம்பும் இல்லை, எனக்குப் பொறுமையும் இல்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஊசுட்டேரிக்குப் போய்விட்டு வந்தோம். உன் பேரைச் சொல்லித்தான் போனோம். நீ எதையெல்லாம் கூடாது என்றாயோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்துவிட்டு வந்தோம்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், நாலு பேர் படிப்பார்கள். அவர்களுக்காக நாம் யார் என்று சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். நீயும் நானும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் நீ, தம்பியைக் கட்டியவள் நான். மூலக்குளத்து வீட்டில் கீழே நீ, மேலே நான். ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருந்தால் வருஷம் திரும்புவதற்குள் நடுவில் சுவர் எழும்பும் என்று தெருவே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. பாவம், ஏமாந்துபோனார்கள்.

உன்னை அக்கா என்று கூப்பிட்டாலும் முதல் வாரமே எனக்கு 'நீ' என்றுதான் வந்தது. மாமியார் முறைத்தார். "வாங்க போங்கன்னா வேற எவளயோ கூப்புடற மாதிரி இருக்கு அத்தை, வுடுங்க" என்று நீ சொல்லிவிட்டாய். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவள்தான் நான்.

நம் வீட்டு ஆண்களுக்கு வெளியே போவதென்றால் உயிர். அதிலும் புரட்டாசி கடைசி ஞாயிறு. மாதம் முழுக்கக் கவுச்சி இல்லாமல் நாக்கு செத்துக் கிடக்கும், வெயில் தணிந்திருக்கும், மழை இன்னும் பிடித்திருக்காது. உன் வீட்டுக்காரர், என் பெரிய மாமா, வேனுக்குச் சொல்லிவிடுவார். என் வீட்டுக்காரர் பந்தும் மட்டையும் எடுத்து வைப்பார். அத்தோடு அவர்கள் வேலை தீர்ந்தது.

நம் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், வாழைக்காய் பஜ்ஜி, வடை. கறி இல்லாத குறையை எல்லாம் காயில் தீர்த்துக்கொள்வார்கள். ஏரிக்குப் போனதும் இலை போடு, பரிமாறு, எடு, கழுவு. திரும்பும்போது வேனில் ஆண்கள் குறட்டை விடுவார்கள், நாம் காலிப் பாத்திரங்கள் உருளாமல் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு வருவோம்.

அப்படி வந்த ஒரு நாள் சாயங்காலம்தான் உன் மகள் நித்யா கேட்டாள். அப்போது ரெட்டைச் சடை போட்ட குழந்தை. "அம்மா, அந்த நீலக்கோழி தாமரை எல மேலயே நடந்துச்சே, பாத்தியா?" நீ பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வருஷா வருஷம் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த நாம் ரெண்டு பேரும் அந்த ஏரியில் நீலக்கோழி இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். நீ பாத்திரம் துலக்கப் போனாய். துலக்கும் சத்தத்திலேயே தெரிந்தது, உள்ளே ஏதோ முடிவாகிவிட்டது என்று.

அடுத்த புரட்டாசியில் கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது சொன்னாய். "இந்த வாட்டி ஒரு குக்கரு, ஒரு வாணலி. மூணாவது சாமான் அடுப்புல ஏறிச்சின்னா நான் வரல." மாமா சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. அப்புறம் சோற்றுக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, "ரொட்டி" என்றாய். சிரிப்பு நின்றுவிட்டது.

நம்முடையது பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பம் இல்லை. மில்லில் சங்கு ஊதினால் எழுந்து ஓடிய குடும்பம். ஆனாலும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்த ஊரில் எந்தத் தெருவிலும் நீள ரொட்டி சுடச்சுடக் கிடைக்கும், எல்லாரும் வாங்குவார்கள். வாங்குவது வேறு, அதைச் சோற்றுக்குப் பதிலாக வைப்பது வேறு என்று அத்தை சண்டைக்கு வந்தார்.

"சோறு இல்லாம வெளியப் போற குடும்பம் எங்கனா உண்டா? ரொட்டி காய்ச்சக்காரன் திங்கறதுடி."

"இருக்கட்டும் அத்தை. அன்னைக்கு ஒரு நாளு எனக்குக் காய்ச்சல்னு வெச்சிக்குங்க."

அந்த வாயைத்தான் அக்கா நான் இந்த ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் சமையலை இங்கே எழுதிவைக்கப் போகிறேன். உன்னைப் பற்றி என்னவெல்லாமோ அச்சடித்துவிட்டார்கள், இதுவும் அச்சில் இருக்கட்டும். பரங்கிக்காயைத் தோல் சீவாமல் துண்டு போட வேண்டும். வாணலியில் நல்லெண்ணெய், கடுகு, கிள்ளிய காய்ந்த மிளகாய், தோலோடு தட்டிய பூண்டு. காயைக் கொட்டித் தண்ணீர் தெளித்து மூடிவிட்டு நீ தலை பின்னிக்கொள்ளப் போவாய். வந்து திறந்தால் குழைந்திருக்கும். கரண்டியின் முதுகால் மசித்து, உப்பும் தேங்காய்த் துருவலும் போட்டு இறக்கினால் முடிந்தது. குக்கரில் பச்சை வேர்க்கடலையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும். அடுப்பே வேண்டாத ஒன்று, துருவிய முள்ளங்கியைத் தயிரில் போட்டு உப்பும் பச்சை மிளகாயும். பரங்கி நன்றாக இல்லாத வருஷம் பீர்க்கங்காயைக் கடைந்தாய், அதன் தோலில் ஒரு துவையலும் வந்துவிட்டது.

வழியில் ரொட்டி. ஏரிக்கரையில் கத்தியால் ரொட்டியின் வயிற்றைக் கீறி வைத்துவிட்டு, "அவங்கவங்க ரொட்டி, அவங்கவங்க கை" என்று சொல்லிவிட்டு நீ போய் உட்கார்ந்துவிடுவாய். யாருக்கும் யாரும் பரிமாறவில்லை. கழுவ ஒன்றும் இல்லை. முதல் வருஷம் மாமா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வந்து அதற்குள் வைத்துத் தருவார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசியில் அவரே வைத்துக்கொண்டார், பாதி மடியில் கொட்டியது.

அன்றைக்கு நீலக்கோழியைப் பார்த்தோம். நாலைந்து இருந்தன. சிவப்பு மூக்கும் நீல உடம்பும், கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி நிதானமாக நடந்தன. நித்யாதான் உனக்குக் காட்டினாள். அவள் காட்டிய பக்கம் பார்த்தபடியே நீ ரொட்டியைக் கடித்துச் சிரித்தாய், அதை நான் போனில் படம் எடுத்தேன். அந்தப் படத்துக்கு என்ன கதி வந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, இன்றைக்கு யாரையும் விடுவதாக இல்லை. கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்தான் நீ வேலைக்குப் போனாய். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று எங்கெங்கோ இருந்து பஸ் பிடித்து ஜனங்கள் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்குவதைத் தினமும் பார்த்தவள் நீ. உனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நான் கேட்டேன். "தீபாவளி முடியட்டும்டி, அதிரசம் முறுக்கு வேல கெடக்கு" என்றாய். எல்லாரையும் உட்காரச் சொன்னவளுக்கு, அந்த ஓ.பி. பெஞ்சில் போய் ஒரு காலை உட்கார நேரம் இல்லாமல் போயிற்று. தீபாவளியும் முடியவில்லை. ஐப்பசி மழையில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விளையாட்டுக்கு ஒரு நாள் காய்ச்சல் என்று சொன்னவள், நிஜமாக உடம்புக்கு வந்தபோது ஏன் அக்கா சொல்லவில்லை?

சரி. நேற்றைய கதைக்கு வருகிறேன்.

திதி ஐப்பசியில் வருகிறது. அப்போது மழை கொட்டும் என்று மாமா கணக்குப் போட்டார். "அதுக்கு முன்னாடி, அவளுக்குப் புடிச்ச எடத்துலயே ஒரு படையல போட்டுடலாம். சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்புடணும். அவ பேரு நிக்கணும். பெருசா பண்ணணும்" என்றார். ஏரிக்கரை என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். எத்தனை ரொட்டி வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போடக்கூடத் தொடங்கிவிட்டேன்.

"அக்கா பண்ற மாதிரியே பரங்கிக்காயும் ரொட்டியும் வெச்சிடலாம் மாமா" என்றேன்.

"செத்தவளுக்கு ரொட்டி வெப்பாங்களா? சொந்தக்காரன் காறித் துப்புவான்."

"அதான அவ ஆசையா சாப்புடுவா?"

"அதெல்லாம் வெளயாட்டுக்குப் பண்ணது தேவகி. அவளுக்கு ராணி மாதிரி செய்யணும்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. நான் அதோடு விட்டுவிட்டேன். அவர் அழுகை பொய் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ராணிக்குச் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தால் விடிய விடிய அடுப்பில் நிற்பது யார்?

யாரென்று உனக்குத் தெரியும். நான் நின்றேன், நித்யா நின்றாள், தவளக்குப்பத்திலிருந்து உன் சித்தி மருமகளை வரவழைத்து அவளையும் நிறுத்தினோம். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், அவரைக்காய்ப் பொரியல், கொத்தவரங்காய் உசிலி, வாழைக்காய் வறுவல், சேப்பங்கிழங்கு ரோஸ்ட், பூசணிக்காய்க் கூட்டு, புடலங்காய், வடை, பாயசம், அப்பளம். ஒரு காய் நல்ல காய் என்று யாராவது சொன்னால் போதும், அதையும் சேர்த்துக்கொண்டார்கள். உனக்குச் சேப்பங்கிழங்கு தொண்டையில் அரிக்கும், தொடவே மாட்டாய். அதுவும் உன் இலையில் வைக்கப்பட்டது. பரங்கிக்காய் மட்டும் இல்லை. அது விசேஷத்துக்கு உரிய காய் இல்லையாம்.

கிழங்கு உரித்து உரித்து நித்யாவின் கையெல்லாம் தடித்துப் போயிற்று. புளித்தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, "சித்தி, அம்மா இதப் பாத்திருந்தா இன்னா சொல்லியிருக்கும்?" என்று கேட்டாள். நான் வடை மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியும், இருந்தும் அடுத்த வடையைத் தட்டினேன்.

ஏரிக்குப் போய் இறங்கினால், ரெண்டு மரத்துக்கு நடுவில் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். ஒரு பாதியில் உன் முகம், மறு பாதியில் கொட்டை எழுத்தில் 'அறுசுவை அன்னபூரணியே! அடுப்படியின் குலவிளக்கே!' அக்கா, உன்னைத்தான். நான் எடுத்த அந்தப் படம்தான் அது. ஸ்டுடியோவில் கொடுத்து உனக்குப் பட்டுப்புடவை கட்டி, கழுத்தில் காசுமாலை போட்டு, கையில் இருந்த ரொட்டியை அழித்து, கையைக் கூப்ப வைத்திருக்கிறார்கள். வாய் மட்டும் ரொட்டி கடித்த வாயாகவே இருந்தது, ஒரு பக்கக் கன்னம் உப்பி. பார்த்தவர்கள் எல்லாம், "எவ்ளோ லட்சணமா இருக்கு பாரு" என்றார்கள்.

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. படையல் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கற்பூரம் காட்டினார்கள். காக்காய்க்கு வைத்தார்கள். பிறகு ஆண்கள் தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போட்டோம். நித்யா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடி வந்தாள். "இங்க ஒரு கரண்டி", "கூட்டு வரலயே", "அப்பளம் அப்பளம்" என்று ஆளுக்கு ஒரு பக்கம் கூப்பிட்டார்கள்.

அப்போது வரிசையின் கோடியிலிருந்து என் வீட்டுக்காரர் கையை நீட்டி, "அதோ பாரு, நீலக்கோழி" என்றார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நித்யா திரும்பவில்லை. யார் இலையில் சாம்பார் இல்லை என்று பார்த்துக்கொண்டு அடுத்த இலைக்குக் குனிந்தாள். சின்ன வயதில் அதே கோழியை உனக்குக் காட்டித் தந்தவள் அவள்தான். உனக்குப் பின்னால் வாளி அவள் கைக்கு வந்துவிட்டது, யாருக்கும் அது தெரியக்கூட இல்லை.

"நித்யா, வாளியக் கீழ வை" என்றேன்.

"இரு சித்தி, இந்த வரிசை முடிச்சிட்டு."

"வைடி கீழ."

வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மாமாவுக்கும் அவர் பங்காளிக்கும் நடுவில் இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தேன். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். "நான் ஒக்காந்துட்டேன். வேணுங்கறவங்க எழுந்து போட்டுக்குங்க" என்றேன். உன் சித்தி மருமகள் ஒரு நிமிஷம் திகைத்து நின்றாள். பிறகு கையில் இருந்த அப்பளக் கூடையைத் தரையில் வைத்துவிட்டு அவளும் வந்து உட்கார்ந்தாள்.

ஒருவர் கையும் இலையில் அசையவில்லை. மாமாவின் முகம் கறுத்துப் போயிற்று.

"வசந்தி இருந்திருந்தா இப்பிடி நாலு பேரு முன்னாடி மானத்த வாங்குவாளா?"

"வசந்தி அக்கா இருந்திருந்தா இந்த வாளியே வந்திருக்காது மாமா."

அவர் பேனரைப் பார்த்தார். அந்த உப்பிய கன்னத்தைப் பார்த்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தை கேட்டார். "ஏன்டி தேவகி, ரொட்டி எங்க?" ஏரிக்கு வந்தால் ரொட்டி இருக்கும் என்று அவர் காலையிலிருந்து சோறு தொடாமல் இருந்திருக்கிறார். பல்லில்லாத வாய்க்குப் பரங்கிக்காய் தோதாக இருக்குமாம். ரொட்டிக்குள் வைத்து ஊறவிட்டுத் தின்பாராம். காய்ச்சக்காரன் தின்பது என்று சண்டை போட்ட அதே அத்தை! எனக்கு அவர் மேல்தான் இன்னும் கோபம். மாமா, 'சொந்தக்காரன் காறித் துப்புவான்' என்று பேசியபோது பக்கத்தில்தானே இருந்தார், அப்போது இந்த வாய் எங்கே போயிருந்தது? நீ இருக்கும்போது ஒரு தடவை, "நல்லா இருக்குடி" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கடைசியில் மாமாதான் எழுந்தார். ரோஷத்தில்தான் எழுந்தார், மனம் மாறி இல்லை. வாளியைத் தூக்கினார். சோறு போடுவதற்கு முன்பே ஒருவர் இலையில் சாம்பாரை ஊற்றினார், அது ஓடி வேட்டியில் இறங்கியது. "மெதுவாண்ணே" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரரும் கூட்டுப் பாத்திரத்தோடு எழுந்தார். பாதி வரிசை போவதற்குள் மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இம்மாங் கனமாவா இருக்கும் இது?" என்று யாரிடமோ கேட்டார். நான் நித்யாவின் தாடையைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினேன். கோழி நாணல் மறைவுக்குப் போயிருந்தது. அவள் பார்க்கவில்லை.

அதுதான் அக்கா எனக்குத் தாங்கவில்லை. உன் பேரில் இவ்வளவு சமைத்து, உன் மகளுக்கு நீ வாங்கித் தந்த ஒன்றை உன் படத்துக்கு முன்னாலேயே பிடுங்கிக்கொண்டோம். பிடுங்கியதில் என் கையும் சேர்ந்துதான் இருந்தது, வடை தட்டிய கை.

இன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். வாடகை அண்டாக்கள் கீழே முற்றத்தில் காய்ந்து கிடக்கின்றன. நான் தொடவில்லை, நித்யாவையும் தொட விடவில்லை. இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே தேய்க்கிற சத்தம் கேட்கிறது. அண்ணனும் தம்பியும்தான். நடுநடுவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள், சாம்பலா சோப்பா என்று. மாமா என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

சாயங்காலம் நித்யா மேலே வந்து, "சித்தி, மறுபடி போலாமா, நாம மட்டும்?" என்றாள். போகிறோம் அக்கா. மழை பிடிப்பதற்குள், வருகிற ஞாயிறு. ஒரு குக்கர், ஒரு வாணலி. பரங்கிக்காயை நித்யாவே பார்த்து வாங்கிவைத்திருக்கிறாள். அத்தைக்கு ஒரு முழு ரொட்டி. ஆண்கள் வந்தால் வரட்டும், அவரவர் ரொட்டி அவரவர் கை.

பேனரை நேற்றே நான் அவிழ்த்து எடுத்து வந்துவிட்டேன். உன் முகம் உள்ள பாதியைக் கத்தரித்துச் சுருட்டி பீரோவில் வைத்துவிட்டேன், அந்தக் கன்னத்துக்காக. மற்ற பாதி நல்ல கெட்டியான துணி, நாலு பேர் தாராளமாக உட்காரலாம். 'அறுசுவை அன்னபூரணியே, அடுப்படியின் குலவிளக்கே' என்ற எழுத்து மேலே இருக்கிற மாதிரியே விரிக்கப் போகிறோம். அதன் மேல்தான் நானும் உன் மகளும் காலை நீட்டி உட்காரப் போகிறோம்.

அதற்கு முன்னால், நாளைக் காலை, கோரிமேட்டு பஸ் ஏறுகிறேன். எனக்கும் கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். தீபாவளி வரைக்கும் வைத்துக்கொள்ள மாட்டேன். சீட்டு எடுத்துக்கொண்டு, நீ உட்காராத அந்தப் பெஞ்சில், கூப்பிடும் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். இது உன் மேல் சத்தியம்.

கோபம் தீராமல்,
உன் வீட்டு மாடியில் இருக்கும்
உன் ஓரகத்தி, உன் தங்கச்சி,
தேவகி